ஒரே ஒரு அயனுக்கு வெப்பநிலை உண்டா? மாணவி கேட்டுவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன்

வெள்ளவத்தை ரீச்சர் (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி அறையொன்றில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. ரயில் போகும்போது கரும்பலகை நடுங்கும். அந்தப் பத்து விநாடி நானும் வாயை மூடிக்கொள்வேன். தொப்ளர் விளைவைப் படிப்பிக்க அந்த ரயிலின் ஊதலைத் தவிர வேறு உபகரணம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

போன கிழமை வாயுக்களின் இயக்கக் கொள்கை. வெப்பநிலை என்பது தனி மூலக்கூறின் குணம் அல்ல, கூட்டத்தின் குணம் என்று வழக்கம்போல் அடித்துச் சொன்னேன். பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை, வாய் திறக்காதவள், கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினாள். ஒக்ஸ்போட்டில் எடுத்தது, 2018 இல் பிரித்தானியாவில் ஓர் அறிவியல் படப் போட்டியில் பரிசு பெற்றது. கறுப்புப் பின்னணியில் இரண்டு ஊசிமுனைகள், இடைவெளி 2 மில்லிமீற்றர் அளவு, நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு ஒற்றை ஸ்ரொன்சியம் அயன், அதாவது மின்னேற்றம் பெற்ற ஒரே ஓர் அணு. சாதாரணக் கமெராவைத் திறந்தபடி வைத்து எடுத்த படம். இப்படியான அயன்களை மில்லிகெல்வின் (கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை குளிர்விக்கிறார்கள் என்றும் எங்கோ வாசித்திருக்கிறாள்.

"ரீச்சர், ஒரே ஆளை வைத்துக்கொண்டு சனத்தொகைக் கணக்கெடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

வழக்கமாக அந்த நேரத்துக்கு ஒரு ரயில் வரும். அன்று வரவில்லை.

என் சிக்கல்களைச் சொல்கிறேன். முதலாவது அவளுடைய கேள்வியேதான். இரண்டாவது, லேசர் எப்படிக் குளிர்விக்கும்? தொப்ளர் பங்கு எனக்குப் புரிகிறது: எதிரே வரும் அயனுக்கு ஒளியின் மீடிறன் கூடித் தெரியும், உறிஞ்சும், அதன் உந்தம் குறையும். ஆனால் உறிஞ்சிய ஒளியைத் திரும்ப உமிழ வேண்டுமே, அப்போது உதை வாங்காதா? போன சக்தி எங்கே போகிறது? மூன்றாவது, ஏற்றமுள்ள ஒரு துணிக்கையை வெறும் மின்புலத்தால் அந்தரத்தில் நிறுத்த முடியாது என்று கவுஸ் தேற்றத்தை வைத்து நானே நிறுவிக் காட்டுகிறவள். பிறகு அந்த ஊசிமுனைகள் என்ன செய்கின்றன?

மூன்றாவதுக்கு ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம்தான் விடை என்று வாசித்தேன். வொல்ஃப்காங் பவுல் என்ற ஜேர்மனியர் அதற்கு 1989 இல் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார். குதிரைச் சேணம் போன்ற ஒரு வளைபரப்பைச் சுழற்றினால் அதன் நடுவில் வைத்த குண்டு விழாது என்று அந்தப் பரிசு உரையிலேயே செய்து காட்டினாராம். நானும் செய்து பார்த்தேன். பக்கம் 14 செ.மீ உள்ள மரச் சட்டம், எதிரெதிர் மூலைகள் இரண்டை 2 செ.மீ உயர்த்தி மற்ற இரண்டை 2 செ.மீ தாழ்த்தி, குறுக்கே நூல்களை நேராக இழுத்துக் கட்டி, மேலே துணி போட்டு, பிளாஸ்டர் பூசித் தேய்த்தேன். நேரான நூல்களால் வளைந்த பரப்பு வருவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். அதை என் அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியின் தட்டில் ஒட்டினேன். இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டுவிட்டு அதே பாட்டை இசைத்தட்டாக வாங்கி வரும் மனிதர் அவர். இன்று இருந்திருந்தால் பிளாஸ்டரைப் பார்த்து என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார்.

நிமிடத்துக்கு 33 சுற்றில் சுழற்றினேன். கோலி ஒரு விநாடியில் அலுமாரிக்குக் கீழே. 45 இலும் அதே கதி. என்ன பிழை? அல்லது இதைக் கைவிட்டுப் புறக்கோட்டையில் நியோன் பெயர்ப்பலகை நிலைமாற்றி ஒன்று வாங்கி, தூளைப் பிடித்து வைக்கும் உண்மையான பொறியே செய்யலாமா?

இருட்டறை (செவ்வாய், இரவு 11.55)

ரீச்சர், நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. ஐரோப்பாவில் ஓர் அயன் பொறி ஆய்வுகூடத்தில் மூன்று வருடம் இருட்டில் இருந்துவிட்டு வந்து, இப்போது கொழும்பில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நித்திரை போய்விட்டது.

கவுஸிலிருந்தே தொடங்குங்கள், அது உங்களிடம் இருக்கும் நல்ல ஆயுதம். நேரேற்ற அயன் ஒரு புள்ளியில் உறுதியாக நிற்க வேண்டுமானால் புலக்கோடுகள் எல்லாத் திசையிலிருந்தும் அந்தப் புள்ளிக்குள் நுழைய வேண்டும். நுழைந்தால் அங்கே மறையேற்றம் இருக்க வேண்டும். இருப்பதோ வெற்றிடம். ஆகவே ஒரு திசையில் உள்ளே தள்ளும் புலம் இன்னொரு திசையில் வெளியே தள்ளியே தீரும். ஏர்ன்ஷோ இதை 1842 இல் சொல்லிவிட்டார். நிலையான மின்புலத்தோடு காந்தப்புலத்தையும் சேர்த்துத் தப்பும் வழி ஒன்று உண்டு. அது பெனிங் பொறி. அதை வளர்த்தெடுத்த ஹான்ஸ் டெமெல்ட்தான் பவுலுடன் 1989 பரிசைப் பகிர்ந்தவர்.

பவுலின் வழி, தள்ளும் திசைகளை விடாமல் மாற்றிக்கொண்டிருப்பது. மாற்றி மாற்றித் தள்ளினால் சராசரி பூச்சியம்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இங்கேதான் நுட்பம். வேகமான புலத்தின் பின்னால் ஓட முடியாமல் அயன் எதிர்க்கட்டத்தில் நடுங்குகிறது. உள்ளே தள்ளும் நேரத்தில் அது சற்று வெளியே நிற்கும், வெளியே தள்ளும் நேரத்தில் சற்று உள்ளே. புலமோ மையத்தில் பூச்சியம், வெளியே போகப் போக வலிமை. எனவே உள்நோக்கிய தள்ளலுக்கு ஒரு மயிரிழை மிச்சம். அந்த மிச்சத்தில்தான் அயன் ஒரு கிண்ணத்துக்குள் கிடப்பதுபோல் எளிமை இசை இயக்கம் ஆடுகிறது. எங்கள் பொறியில் சில நூறு வோல்ற்று, இருபது முப்பது மெகாஹேர்ட்ஸ் கொடுத்தோம். கிண்ணத்துக்குள் ஆட்டம் 1 மெகாஹேர்ட்ஸ் அளவில் இருந்தது.

அடுத்தது குளிர்ச்சி. நாங்கள் வைத்திருந்தது கல்சியம். அறை வெப்பநிலையில் கல்சியத்தின் வேகம் விநாடிக்கு 430 மீற்றர் அளவு. 397 நானோமீற்றர் ஊதா ஒளியின் ஒரு போட்டன், அதாவது ஓர் ஒளித்துணுக்கு, மோதினால் மாறும் வேகம் விநாடிக்கு 2.5 செ.மீ. பிளாங் மாறிலியை அலைநீளத்தாலும் திணிவாலும் வகுத்தால் வரும், வகுப்பில் போட்டுக் காட்டலாம். அப்படியென்றால் 17,000 போட்டன் தேவை. பேருந்தை நிறுத்தக் கடலை எறிவது மாதிரித்தான். ஆனால் கல்சியம் அயன் உறிஞ்சி உமிழ 7 நானோவிநாடி அளவுதான் எடுக்கும், விநாடிக்குக் கோடிக்கணக்கில் எறியலாம். கணக்குப்படி சில மில்லிவிநாடி வேலை.

உமிழும்போது உதை வாங்கத்தான் செய்கிறது. ஆனால் உறிஞ்சுவது எப்போதும் லேசர் வரும் பக்கத்திலிருந்து, உமிழ்வதோ கண்ட திசையில். ஆயிரம் உமிழ்வின் உதைகள் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆயிரம் உறிஞ்சலின் உதைகள் ஒரே பக்கம் சேரும். சக்திக் கணக்கும் சரியாகவே இருக்கிறது: லேசரை அணுவின் மீடிறனுக்குச் சற்றுக் கீழே, சிவப்புப் பக்கம் வைக்கிறோம். வாங்கும் போட்டன் சற்று மலிவு, விடும் போட்டன் சராசரியாகச் சற்று விலை கூட. வித்தியாசத்தை அயன் தன் இயக்கச் சக்தியிலிருந்து கட்டுகிறது. வெப்பம் அந்த ஊதா ஒளியாக அறைக்குள் வந்துவிடுகிறது. படத்தில் உங்கள் மாணவி பார்த்த பொட்டே அந்த வெப்பம் வெளியேறும் காட்சிதான்.

நடுநிலை அணுக்களுக்கு ஆறு பக்கமும் கற்றை வேண்டும். எங்களுக்கு ஒன்று போதும். கிண்ணத்துக்குள் போனவன் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? எதிரே வரும்போது மட்டும் அடித்தால் சரி. கற்றையைச் சற்றுச் சரித்து, மூன்று அச்சுகளிலும் படும்படி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சொந்தக் கதை. என் முதல் மாதத்தில் ஒருநாள் அயன் திடீரென்று மறைந்துவிட்டது. அது தப்பிவிட்டது என்று நினைத்து, கல்சியத்தை ஆவியாக்கும் அடுப்பை மூட்டிப் புது அயன் பிடிக்கப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் ஒன்றும் தெரியவில்லை. மூத்தவர் ஒருவர் வந்து, பேசாமல், 866 நானோமீற்றர் லேசரின் மூடியைத் திறந்துவிட்டுப் போனார். திரையில் ஒன்றல்ல, மூன்று அயன்கள், சில மைக்ரோமீற்றர் இடைவெளியில் வரிசையாக நின்றன. கல்சியம் சில தடவைக்கு ஒரு தடவை கீழே வராமல் ஒரு பக்கச் சக்தி மட்டத்தில் விழுந்து ஒரு விநாடிக்கு மேல் அங்கேயே தங்கிவிடும். 866 தான் அதைத் தட்டி எழுப்புவது. நான் மூடியை மூடிவிட்டு மறந்திருக்கிறேன். அயன்கள் எல்லாம் அங்கேயே இருந்தன, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 1986 இல் குவாண்டம் தாவல்களை (அணு ஒரு சக்தி மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவுவதை) முதலில் கண்ட மூன்று குழுக்களும் இப்படி அயன் ஒளிர்வதும் சட்டென்று அணைவதும் மீண்டும் ஒளிர்வதுமாகத்தான் கண்டன. அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்.

வெப்பநிலைக் கேள்விக்கு நாளை வருகிறேன். அதை அரை நித்திரையில் எழுதக் கூடாது.

இரண்டு உயர்தரப் பிள்ளைகளின் அப்பா (புதன், காலை 7.10)

ஐயா, ரீச்சர், எல்லாம் நல்லது. இது பாடத்திட்டத்தில் இருக்கிறதா? பரீட்சைக்கு வராததற்கு வகுப்புக் காசு கட்டுகிறோமா என்று மட்டும் சொல்லுங்கள்.

குறுக்குத் தெரு வயர்க்கடை (புதன், காலை 10.25)

ரீச்சர், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை வைத்திருக்கிறேன். நியோன் நிலைமாற்றியை நீங்கள் எந்தக் கடையில் கேட்டாலும் விற்பார்கள், என்னிடம் கேட்டால் விற்க மாட்டேன். பல ஆயிரம் வோல்ற்று, அதில் ஆளைக் கொல்லப் போதுமான மின்னோட்டம். இருபது பிள்ளைகள் நெருக்கியடிக்கும் மாடி அறையில், கடற்காற்றில் உப்புப் படிந்த மேசையில், அதை வைப்பீர்களா?

தூள் பொறி வேலை செய்யும் என்பது உண்மை. 1959 இல் அமெரிக்காவில் அலுமினியத் தூளை வெற்றிடத்தில் இப்படிப் பிடித்துப் படமெடுத்தார்கள். தூளின் திணிவோடு பார்த்தால் அதன் ஏற்றம் மிகக் குறைவு, அதனால் நம் வீட்டு 50 ஹேர்ட்ஸே போதும். அயன் இலேசு என்பதால்தான் அவர்களுக்கு மெகாஹேர்ட்ஸ் தேவைப்படுகிறது. இதைச் சொல்லிக்கொடுங்கள், செய்து காட்ட வேண்டாம்.

உங்கள் கோலிக்கு மருந்து சொல்கிறேன். சேணத்தின் மூலை மையத்திலிருந்து 10 செ.மீ, உயர்வு 2 செ.மீ. சுழற்சியின் கோண வேகத்தின் வர்க்கம் குறைந்தது 2 × 9.8 × 0.02 ÷ 0.01, அதாவது 39 இருக்க வேண்டும். வர்க்கமூலம் 6.3 ஆரையன். விநாடிக்கு ஒரு சுற்று, நிமிடத்துக்கு 60. கோலி சறுக்காமல் உருள்வதால் கொஞ்சம் அங்கே இங்கே மாறும். 33 உம் 45 உம் எப்படிப் போதும்? அப்பாவின் பெட்டி பழையது என்றால் 78 என்று ஒரு இலக்கமும் இருக்குமே.

(மொறட்டுவையில் பொறியியல் படித்தவன்தான். கடை அப்பாவுடையது.)

இருட்டறை (புதன், இரவு 10.30)

வயர்க்கடை அண்ணனுக்குக் கைகொடுக்க வேண்டும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: சேணம் சுழல்கிறது, பொறியின் புலமோ சுழல்வதில்லை, மேலும் கீழுமாக மாறி மாறிப் புரள்கிறது. ஒப்புமைதான், உருவம் அல்ல. உராய்வு இருப்பதால் கோலி கொஞ்ச நேரத்தில் எப்படியும் ஓடிவிடும், அதற்கு வகுப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது சனத்தொகை. அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. ஷ்ரோடிங்கரே 1952 இல், தனி அணுவை வைத்து யாரும் சோதனை செய்வதில்லை என்று எழுதியவர். 1980 இல் ஹைடல்பேர்க்கில் ஒற்றை பேரியம் அயனைப் படமே பிடித்துவிட்டார்கள்.

ஒரே ஆள்தான் ஊரில் இருக்கிறார் என்றால், அவர் வீட்டுக் கதவை ஆயிரம் தடவை தட்ட வேண்டியதுதான். குளிர்விப்போம், ஒரு கேள்வி கேட்போம், ஆம் அல்லது இல்லை என்று எழுதுவோம், மீண்டும் முதலிலிருந்து. ஒரு தடவைக்குச் சில மில்லிவிநாடி. கூட்டத்தின் பரம்பல் ஆயிரம் மூலக்கூறுகளில் இருந்தது, இங்கே ஆயிரம் தடவைகளில் இருக்கிறது. ஒரே தடவையில் அந்த அயனின் வெப்பநிலை என்ன என்று கேட்டால், ரீச்சர் வகுப்பில் சொன்னதுதான் விடை: அப்படி ஒன்று இல்லை.

கேட்கும் கேள்வி எது என்பதுதான் அழகு. கிண்ணத்துக்குள் ஆடும் அயனின் சக்தி படிகளாக இருக்கிறது. 1 மெகாஹேர்ட்ஸ் ஆட்டம் என்றால் ஒரு படியின் உயரம் வெப்பநிலைக் கணக்கில் 48 மைக்ரோகெல்வின். தொப்ளர் முறையால் கல்சியம் வரக்கூடிய எல்லை அரை மில்லிகெல்வின், அதாவது சராசரியாகப் பத்தாவது படி. அதற்குக் கீழே 729 நானோமீற்றர் சிவப்பு லேசரால் இறக்குகிறோம். அதன் மீடிறனை அணுவின் மீடிறனிலிருந்து சரியாக 1 மெகாஹேர்ட்ஸ் குறைத்தால், அயன் உறிஞ்சும்போது குறைகிற சக்தியைத் தன் ஆட்டத்திலிருந்து கொடுத்து ஒரு படி இறங்கும். 1 மெகாஹேர்ட்ஸ் கூட்டினால் ஒரு படி ஏறும். முதலில் இப்படி அடிப்படிவரை இறக்கிக் காட்டியது 1989 இல், அமெரிக்கப் பௌதிகவியலாளர் வைன்லண்டின் குழு, பாதரச அயனில். அவருக்கு 2012 இல் நோபல் பரிசு.

அடிப்படியில் நிற்கும் அயனுக்கு இறங்க இடமில்லை. ஆகவே குறைந்த மீடிறனில் கதவைத் தட்டினால் பதில் வராது. கூடிய மீடிறனில் தட்டினால் வரும். இரண்டு பதில்களின் விகிதம்தான் வெப்பமானி. இறங்கும் பதில் ஏறும் பதிலில் 20 இல் ஒரு பங்கு என்று வையுங்கள். 48 ஐ 20 இன் இயற்கை மடக்கையால், அதாவது 3 ஆல் வகுத்தால் 16 மைக்ரோகெல்வின்.

மூன்று வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த வரைபு அதுதான். வலப்பக்கம் ஒரு கூம்பு, இடப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஒன்றுமில்லாததைக் காட்டுவதற்கு நாங்கள் இரவு மூன்று மணிவரை கண் விழித்தோம்.

வெள்ளவத்தை ரீச்சர் (ஞாயிறு, மாலை 6.15)

78 இருந்தது. பல வருடம் திருகாததால் குமிழ் இறுகிக் கிடந்தது, தேங்காயெண்ணெய் விட்டுத் திருப்பினேன். கோலியை நடுவில் விட்டதும் அது சற்றுத் தள்ளிப் போய், திரும்பி வந்து, மெல்ல மெல்ல வட்டமிட்டபடி நின்றது. பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். பதினான்கு விநாடி. பிறகு அலுமாரிக்குக் கீழேதான், ஆனால் இம்முறை கைதட்டலோடு. ரயில் வந்து மேசை நடுங்கினால் எட்டு விநாடிகூடத் தாங்காது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறோம்.

இரண்டு பிள்ளைகளின் அப்பாவுக்கு: கவுஸ் தேற்றம், தொப்ளர், உந்தக் காப்பு, எளிமை இசை இயக்கம், போட்டன், இயக்கக் கொள்கை. ஆறும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. அரை மணித்தியாலத்தில் ஆறையும் மீட்டியிருக்கிறேன், வகுப்புக் காசை உயர்த்தவில்லை.

தம்பி இருட்டறை, கதவு தட்டும் கதையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்தாள், பின்வாங்கிலிருந்து முன்வாங்குக்கும் வந்துவிட்டாள். வந்ததும் அடுத்தது: "அடிப்படிக்கு வந்த பிறகு அயன் அசையாமல் நிற்குமா ரீச்சர்?" தெரியும், நில்லாது என்று சொன்னேன். எவ்வளவு அசையும் என்று கேட்டாள். இரவு முழுக்க யோசித்துவிட்டு இங்கே வந்திருக்கிறேன்.

இருட்டறை (ஞாயிறு, இரவு 8.05)

அடிப்படியிலும் அரைப் படியளவு சக்தி மிச்சமிருக்கும், அதை எந்த லேசராலும் எடுக்க முடியாது. கல்சியம், 1 மெகாஹேர்ட்ஸ் என்றால் அயனின் இடம் 11 நானோமீற்றர் அகலத்துக்குப் பரவியிருக்கும். அணுவைவிட எவ்வளவோ பெரிது, அதைப் படம் பிடிக்கும் ஊதா ஒளியின் அலைநீளத்தில் 36 இல் ஒரு பங்கு. கிண்ணத்தை இறுக்கினால் பரவல் சுருங்கும், மீடிறனின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக. 4 மெகாஹேர்ட்ஸ் ஆக்கினால் எத்தனை நானோமீற்றர் என்று அவளையே கணக்கிடச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை ரீச்சர் (ஞாயிறு, இரவு 8.20)

ஐந்தரை என்று பதில் அனுப்பிவிட்டாள், நான் பேனை எடுக்கும் முன்பே.

வயர்க்கடைத் தம்பி, தட்டைச் சுழற்றும் அந்தச் சிறு றப்பர் சக்கரம் இறுகி வெடித்துவிட்டது. அதற்குப் பொருந்துகிற மாதிரி ஏதும் உங்கள் கடையில் இருந்தால் இரண்டு எடுத்து வையுங்கள். புதன்கிழமை 100 ஆம் இலக்க பஸ்ஸில் வருகிறேன்.